தகப்பனை ஏமாற்றிய யாக்கோபுக்கு ஆசீர்வாதம் கிடைத்ததே, அப்படியானால் வஞ்சகத்தை வேதம் ஏற்கிறதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வாசிக்கவும் வசதியாக இருக்கும். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிய பிறகு, என்ன பத்திரம் என்று சொல்லாமலே உங்கள் அண்ணன் அவரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பா இறந்த பிறகுதான் உங்களுக்கு விஷயம் தெரிந்தது. சபையில் முறையிட்டபோது மூப்பர் ஒருவர், "யாக்கோபும் தகப்பனை ஏமாற்றித்தான் ஆசீர்வாதம் வாங்கினான், கர்த்தர் அவனைத் தள்ளிவிட்டாரா? நீங்கள் ஜெபித்து விட்டுவிடுங்கள், சகோதரி" என்று சொல்லியிருக்கிறார். வேதம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தேவ சித்தம் நிறைவேறிவிட்டால், அதற்காகச் செய்த வஞ்சகத்தை வேதம் ஏற்றுக்கொள்கிறதா என்பது ஒன்று. ஏமாற்றியவருக்குத் தண்டனை வருமா என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் எழுதிய விதத்தில் அது தெரிகிறது.

நான் வேதாகமக் கல்லூரியில் பல ஆண்டுகள் பழைய ஏற்பாடு கற்பித்தவன். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் இந்தப் பகுதியை மாணவர்களோடு திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். முதல் கேள்விக்கு, வேதம் அதை ஏற்கவில்லை என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆதியாகமம் 27ஆம் அதிகாரம். ஈசாக்கு முதிர்ந்து கண் மங்கியிருக்கிறான். மூத்தவன் ஏசாவைக் கூப்பிட்டு, வேட்டையாடிச் சமைத்துக் கொண்டுவா, நான் சாவதற்கு முன் உன்னை ஆசீர்வதிக்கிறேன் என்கிறான். ஈசாக்கின் மனைவி ரெபெக்காள் இதைக் கேட்டுவிடுகிறாள், இளைய மகன் யாக்கோபை ஏசாவாக வேஷம் போட்டு அனுப்புகிறாள். இரண்டு வெள்ளாட்டுக்குட்டிகளின் கறி, ஏசாவின் நல்ல உடை, யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் ஆட்டுத்தோல், எல்லாம் அவளுடைய ஏற்பாடு. யாக்கோபு தயங்குகிறான். ஆனால் என்ன சொல்லித் தயங்குகிறான் என்று பாருங்கள். அப்பா தடவிப் பார்த்தால் நான் ஏமாற்றுகிறேன் என்று தெரிந்துவிடும், ஆசீர்வாதத்துக்குப் பதில் சாபம்தான் வரும் என்கிறான் (27:12). அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் மட்டும்தான் அவனுக்கு. உள்ளே போனதும் தகப்பன், "நீ யார், மகனே?" என்று கேட்கிறான். "நான் உமது மூத்த மகன் ஏசா." இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு, உம்முடைய தேவனாகிய கர்த்தர் கிடைக்கச் செய்தார் என்று பதில் சொல்கிறான். இந்த அதிகாரத்திலேயே எனக்கு மிகவும் கசக்கிற வரி அதுதான். பொய்க்குள் கர்த்தருடைய நாமத்தையும் இழுத்துவிடுகிறான். சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள் என்று குழம்பிய தகப்பன், நீ என் மகன் ஏசாதானா என்று மறுபடியும் கேட்கிறான். நான்தான் என்று மறுபடியும் பொய். கடைசியில் கிட்ட வந்து முத்தமிடச் சொல்கிறான். அதையும் செய்கிறான்.

இந்த இடத்தில் கதையைச் சொல்பவர் 'இது பாவம்' என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்பது உண்மை. மூப்பர் சொன்னதைப் போன்ற வாசிப்புக்கு இடம் கிடைப்பது அதனால்தான். ஆனால் பழைய ஏற்பாட்டுக் கதைகளின் வழக்கமே அதுதான். பெரும்பாலும் அவை தீர்ப்பு எழுதுவதில்லை, அடுத்தடுத்து என்ன நடந்தது என்பதை வைத்தே நம்மைத் தீர்மானிக்கச் சொல்கின்றன. தாவீது ராஜா பத்சேபாளை அழைத்ததையும் அவள் கணவன் உரியாவைக் கொல்லச் செய்ததையும் ஓர் அதிகாரம் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரியில்தான் அது கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்று வருகிறது (2 சாமுவேல் 11:27). யாக்கோபின் கதையில் அந்த ஒரு வரிகூட இல்லை, அதற்குப் பதிலாக அவனுடைய மீதி வாழ்க்கை இருக்கிறது. 27ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் மூப்பர் சொன்னது சரிபோலத்தான் தோன்றும்.

சரி, ஏமாற்றி வாங்கியதில் அவனுக்கு என்ன கிடைத்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூப்பரின் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஏசா என்று நினைத்து ஈசாக்கு சொன்ன ஆசீர்வாதத்தில் வானத்துப் பனி, பூமியின் கொழுமை, மிகுந்த தானியம், திராட்சரசம், சகோதரர்மேல் அதிகாரம் இவையெல்லாம் இருக்கின்றன. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்தின் ஓர் எதிரொலியும் உண்டு, உன்னைச் சபிக்கிறவர்கள் சபிக்கப்பட்டவர்களாக இருப்பார்கள் என்ற இடத்தில். ஆனால் ஆபிரகாமின் ஆசீர்வாதம் என்று பெயர் சொல்லி, சந்ததியும் தேசமும் உனக்கு என்று ஈசாக்கு கொடுப்பது அடுத்த அதிகாரத்தில்தான் (28:3-4). அப்போது வேஷம் இல்லை, ஆட்டுத்தோல் இல்லை. எதிரில் நிற்பவன் யாக்கோபு என்று நன்றாகத் தெரிந்துகொண்டே தகப்பன் கொடுக்கிறான். அதற்கும் முன்னால், பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் ரெபெக்காளிடம் சொல்லியாயிற்று (25:23). அதாவது தேவன் யாக்கோபுக்குக் கொடுக்க நினைத்ததைக் கொடுக்க அந்தப் பொய் தேவைப்படவே இல்லை. அவனுக்கு நிலைத்தது எதுவோ அது நேர்வழியில் வந்திருக்கிறது.

பொய்யால் வந்ததன் கதி வேறு. ஏசா கொல்லப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் வீட்டைவிட்டு ஓடுகிறான். கையில் கோல் மட்டும்தான் இருந்தது என்று பிறகு அவனே சொல்கிறான் (32:10). சகோதரருக்கு எஜமானாயிருப்பாய் என்று ஆசீர்வாதம் வாங்கியவன், இருபது ஆண்டுகள் கழித்து ஏசாவைச் சந்திக்கும்போது ஏழு தரம் தரையில் விழுந்து வணங்கி, அவனை ஆண்டவன் என்றும் தன்னை அடியான் என்றும் சொல்கிறான் (33:3-14). மிகுந்த தானியம் என்று கேட்டவன், பஞ்சத்தில் எகிப்துக்கு ஆள் அனுப்பித் தானியம் வாங்க வேண்டியிருந்தது (42:1-2). ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். பல தலைமுறைக்குப் பிறகு தாவீதின் காலத்தில் ஏசாவின் சந்ததியான ஏதோமியர் இஸ்ரவேலுக்கு அடங்கியிருந்தார்கள் (2 சாமுவேல் 8:14). வார்த்தை அப்படியே வீணாகப் போகவில்லை. ஆனால் ஏமாற்றிய மனிதன் தன் ஆயுளில் அதைக் காணவில்லை.

அப்புறம் லாபான், யாக்கோபு ஓடிப்போய்ச் சேர்ந்த தாய்மாமன். அவருடைய இளைய மகள் ராகேலுக்காக ஏழு ஆண்டு வேலை செய்துவிட்டு, கலியாண ராத்திரி கழிந்து காலையில் பார்த்தால் பக்கத்தில் மூத்த மகள் லேயாள். ஏன் என்னை வஞ்சித்தீர் என்று கேட்கிறான். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறான் லாபான் (29:26). இருட்டில் ஆள் மாறியதும், மூத்தது இளையது என்ற பேச்சும், கண் தெரியாத தகப்பனிடம் இவன் செய்ததை அப்படியே திருப்பிக் காட்டுகின்றன. லாபானுக்கு அந்தப் பழைய கதை தெரியுமா என்று வசனம் சொல்லவில்லை. கதையை எழுதியவர் தெரிந்துதான் இப்படி அடுக்கியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதைவிடப் பெரியது மகன்கள் செய்தது. தங்கள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, ஒரு வெள்ளாட்டுக்கடாவை அடித்து, அவன் அங்கியை அந்த ரத்தத்தில் தோய்த்து, இது உம்முடைய மகனுடையதா பாரும் என்று தகப்பனுக்குக் காட்டுகிறார்கள் (37:31-32). ஆடும் உடையும் வைத்துத் தகப்பனை ஏமாற்றியவனை, ஆடும் உடையும் வைத்தே பிள்ளைகள் ஏமாற்றுகிறார்கள். யோசேப்புக்கு அப்போது 17 வயது. எகிப்தின் ராஜாவான பார்வோன் முன் நின்றபோது 30. ஏழு ஆண்டு செழிப்பும் இரண்டு ஆண்டு பஞ்சமும் கழிந்த பிறகுதான் உண்மை வெளிவருகிறது. ஆக ஏறக்குறைய 22 ஆண்டுகள் யாக்கோபு அந்தப் பொய்யோடு வாழ்ந்திருக்கிறான். ஆறுதல் சொல்ல வந்து நின்ற மகன்களில் பொய் சொன்னவர்களும் இருந்தார்கள் (37:35). ஒரு வீட்டுக்குள் வஞ்சகம் நுழைந்தால் அது எத்தனை காலம் தங்குகிறது என்பதை இதைவிட வேதனையாகச் சொன்ன இடம் வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. எகிப்தில் பார்வோன் வயதைக் கேட்டபோது, 130 வருஷம், என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்று பதில் சொன்னது இதே மனிதன்தான் (47:9). ரெபெக்காளையும் மறக்க வேண்டாம். உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும் என்று சொன்னவள் அவள். கொஞ்ச நாள் மட்டும் லாபானிடம் இரு, பிறகு ஆள் அனுப்பி அழைத்துக்கொள்கிறேன் என்றாள். தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ராகேல் பிரசவத்தில் இறந்ததையும், அவள் தகப்பனின் விக்கிரகங்களைத் திருடி மறைத்ததையும் இணைத்துப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. யாக்கோபு விவரம் தெரியாமல், யாரிடம் அகப்படுமோ அவர் பிழைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான் (31:32), அது பலித்தது என்பார்கள். வசனம் அப்படி இணைக்கவில்லை, நானும் இணைக்க மாட்டேன். லாபான் விஷயத்திலும் மகன்கள் விஷயத்திலும் கதை ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். அதைத் தாண்டி, இன்ன துன்பம் இன்ன பொய்க்கான தண்டனை என்று எழுதிக்கொடுக்கிற அதிகாரம் நமக்கு இல்லை.

ஆனால் இது என் சொந்த வாசிப்புதானோ என்று மூப்பர் கேட்டால், ஓசியா 12ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தத் தீர்க்கதரிசி, யாக்கோபை, அதாவது யாக்கோபின் பெயர் கொண்ட ஜனத்தை, அவன் வழிகளுக்குத் தக்கதாகக் கர்த்தர் விசாரிப்பார் என்று சொல்லிவிட்டு, தாயின் வயிற்றிலேயே சகோதரனின் குதிகாலைப் பிடித்தவன் என்று முற்பிதாவையே குற்றப்பத்திரிகையில் சேர்க்கிறார். சில வசனங்கள் தள்ளி, கள்ளத்தராசு கையில் வைத்திருக்கும் வியாபாரியைப் பற்றிப் பேசுகிறார் (12:7). பழைய பொய்க்கும் அன்றைய சந்தைப் பொய்க்கும் அவர் கண்ணில் ஒரே வேர். யூதாவில் தோண்டியெடுத்த நிறைகற்களைப் பார்த்தால் அந்தக் காலத்துச் சந்தை கொஞ்சம் கண்முன் வரும். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது இன்னொரு கல் என்று பையில் இரண்டு விதம் வைத்திருக்கக் கூடாது என்பது உபாகமம் 25:13. யாக்கோபின் கதையை வஞ்சகத்துக்கு ஆதாரமாக எடுக்க இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளே சம்மதிக்கவில்லை என்பதற்கு ஓசியா போதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு கதையில் நடந்ததை வைத்து, என்ன செய்யலாம் என்று சட்டம் எழுதக் கூடாது. சட்டம் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் அப்பாவின் நிலையை அப்படியே தொடுகிற இரண்டு வசனங்களைச் சொல்கிறேன். குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது லேவியராகமம் 19:14. யூத போதகர்கள் இதைக் கல்லோடு நிறுத்தவில்லை. ஒரு விஷயத்தில் விவரம் தெரியாதவனுக்கு, தன் லாபத்துக்காகத் தவறான யோசனை சொல்வதும் இதில் அடங்கும் என்று பழங்காலத்திலிருந்தே விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். உபாகமம் 27இல் லேவியர் உரத்த குரலில் சாபங்களைச் சொல்ல, ஜனங்கள் ஆமென் என்று சொல்ல வேண்டும். அதில் அடுத்தடுத்த இரண்டு: பிறனுடைய எல்லைக்குறியை நகர்த்துகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன் (27:17-18). நிலத்தைத் திருடுவதும் கண் தெரியாதவனை ஏமாற்றுவதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. யாக்கோபின் பெயரால் சமாதானம் சொல்கிறவர் இந்த இரண்டு வசனங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எப்போதும் உண்மையைத்தான் சொல்ல வேண்டுமா, எகிப்தின் மருத்துவச்சிகள் பார்வோனிடம் பொய் சொல்லவில்லையா, ராகாப் வேவுகாரரை மறைக்கவில்லையா என்று வாதம் திரும்பலாம். இதில் சபைக்குள்ளேயே நெடுங்காலமாக இரண்டு கருத்து உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்தீன், எந்தப் பொய்யும் பாவம்தான், அந்த மருத்துவச்சிகளுக்குக் கிடைத்த பலன் அவர்களுடைய இரக்கத்துக்கானது, பொய்க்கானது அல்ல என்று வாதிட்டார். கொலைகாரனிடமிருந்து உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யை வேறு தராசில் நிறுக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன், ஆனால் முடிந்துபோன விவாதம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பிரச்சினைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெண்கள் அதிகாரத்தில் இருப்பவனிடமிருந்து குழந்தைகளையும் அந்நியரையும் காப்பாற்றினார்கள், தங்கள் உயிரைப் பணயம் வைத்து. உங்கள் அண்ணன் பலவீனமான ஒருவரிடமிருந்து தனக்காக எடுத்துக்கொண்டார்.

இனி இரண்டாவது கேள்வி. தண்டனை வருமா? மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதினார். வஞ்சனையால் வந்த போஜனம் முதலில் இன்பமாயிருக்கும், பின்போ வாய் பருக்கைக்கற்களால் நிரம்பும் என்கிறது நீதிமொழிகள் 20:17. இவை வேதத்தின் பொதுவான போதனை. ஆனால் அதே வேதத்தில் 73ஆம் சங்கீதமும் இருக்கிறது. துன்மார்க்கர் கொழுத்துச் சுகமாக இருப்பதைப் பார்த்துத் தன் கால்கள் தள்ளாடிப்போயின என்று ஆசாப் அழுகிறான். யோபின் நண்பர்கள், துன்பம் வந்தால் பாவம் இருந்தே தீரும் என்று கணக்குப் போட்டார்கள், கடைசியில் கர்த்தரிடம் கண்டிப்பு வாங்கியது அவர்கள்தான். ஆகவே உங்கள் அண்ணனுக்கு இன்ன ஆண்டில் இன்ன கேடு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாளைக்கு அவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், பார்த்தாயா என்று நினைக்கவும் வேண்டாம்.

உங்கள் வழக்குக்கு யாக்கோபைவிட நெருக்கமான கதை நாபோத்துடையது (1 இராஜாக்கள் 21). பிதாக்களின் சுதந்தரமான திராட்சத்தோட்டத்தை ராஜாவாகிய ஆகாபுக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்தவன் அவன். ஆகாபின் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரால் கடிதங்கள் எழுதி, ராஜாவின் முத்திரையைப் போட்டு, பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கொல்லச் செய்கிறாள். பொய்ப் பத்திரமும் முத்திரையும் அப்போதே இருந்தன. ஆகாப் தோட்டத்தைப் பார்க்கப் போன இடத்திலேயே தீர்க்கதரிசி எலியா வந்து நிற்கிறான்: நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையா? விட்டுவிடுங்கள் என்று அங்கே யாருக்கும் ஆலோசனை சொல்லப்படவில்லை. அதே நேரத்தில், ஆகாப் தன்னைத் தாழ்த்தியதும் தண்டனை தள்ளிப்போடப்படுகிறது (21:29). நாபோத்தும் திரும்பி வரவில்லை. தேவன் காண்கிறார், பேசுகிறார் என்பதை இந்தக் கதையிலிருந்து உறுதியாகச் சொல்வேன். எப்போது, எப்படித் தீர்ப்பார் என்பதற்கு இதில் சூத்திரம் எதுவும் இல்லை.

யாக்கோபிடம் திரும்பி வந்து ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவனாவேன். அவன் வஞ்சகனாகவே சாகவில்லை. லாபானிடம் இருந்த காலத்தில், மிருகங்கள் கிழித்த ஆடுகளின் நஷ்டத்தைத் தானே ஏற்றதாகவும், பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தூக்கமில்லாமல் உழைத்ததாகவும் சொல்கிறான் (31:38-40). யாப்போக்கு ஆற்றங்கரையில் ஒரு புருஷனோடு விடியும்வரை போராடிய ராத்திரியில், உன் பெயர் என்ன என்று கேட்கப்படுகிறது. கண் தெரியாத தகப்பனிடம் ஏசா என்று சொன்னவன் இப்போது யாக்கோபு என்று சொல்கிறான். அன்றோடு முழுக்க மாறிவிட்டான் என்று பிரசங்கங்களில் கேட்கலாம். வசனத்தில் அவ்வளவு சுத்தமாக இல்லை. மறுநாளே ஏசாவிடம், பின்னாலேயே உன் ஊரான சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான் (33:14-17). மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதுமையில், எகிப்திலிருந்து கொண்டுவந்த சாக்குகளில் தானியத்துக்குக் கொடுத்த பணமே திரும்பி இருந்தபோது, அது தவறுதலாக வந்திருக்கும், அதையும் எடுத்துக்கொண்டு இரட்டிப்பாகக் கொண்டுபோங்கள் என்று மகன்களிடம் சொல்கிறான் (43:12). கையில் தவறி வந்த பணத்தைக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிற இந்த மனிதன், 27ஆம் அதிகாரத்து யாக்கோபு இல்லை. கடைசியாக, கண் மங்கிய தாத்தாவாக யோசேப்பின் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது, இளையவன் எப்பிராயீமின் தலைமேல் வலதுகையை வைக்கிறான். யோசேப்பு கையை மாற்றப் பார்க்கிறான். எனக்குத் தெரியும், மகனே, தெரியும் என்கிறான் கிழவன் (48:19). இளையவனுக்கு முன்னுரிமை கொடுப்பதை இப்படி எல்லார் முன்னாலும் வெளிப்படையாகச் செய்யலாம் என்று அப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது. மூப்பர் யாக்கோபை உதாரணமாகக் காட்ட விரும்பினால், 43ஆம் அதிகாரத்தையும் 48ஆம் அதிகாரத்தையும் காட்டட்டும்.

இப்போது நீங்கள் என்ன செய்வது? மன்னிப்பதும் வீட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். லேவியராகமம் 6:1-7இல், அயலானை வஞ்சித்தவன் எடுத்த முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும். யாருடையதோ அவரிடம் கொடுத்த பிறகுதான் ஆசாரியனிடம் பலி கொண்டுவருவது பற்றி வருகிறது. வரி வசூலித்து வந்த சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றபோது, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு (லூக்கா 19:8-9). ஏசாவும் ஓடிவந்து யாக்கோபைக் கட்டிக்கொண்டு அழுதான், மன்னித்துவிட்டான். யாக்கோபு அனுப்பிய 550க்கும் மேற்பட்ட ஆடு, மாடு, ஒட்டகம், கழுதைகளை முதலில் வேண்டாம் என்றான், வருந்திக் கேட்டபின் வாங்கிக்கொண்டான். யாக்கோபு அதை அனுப்பியதில் பயமும் கலந்திருந்தது என்று நினைக்கிறேன், ஆனாலும் கொடுத்தான், இவனும் வாங்கினான். உங்கள் அண்ணன் ஒரு நாள் பங்கு தர முன்வந்தால், பெரிய மனதோடு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது அவருக்கும் நல்லது.

வழக்குக்குப் போகக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6ஐ உங்களிடம் வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது என்ற 7ஆம் வசனத்தோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். 5ஆம் வசனத்தில், சகோதரர்களுக்குள் விசாரித்துத் தீர்க்க விவேகமுள்ளவன் ஒருவன்கூட உங்களில் இல்லையா என்று பவுல் சபையை வெட்கப்படுத்துகிறார். 8ஆம் வசனத்தில், நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், சகோதரருக்கே அப்படிச் செய்கிறீர்கள் என்கிறார். அதாவது சபைப் பெரியவர்கள் முதலில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், உங்கள் அண்ணனையும் அழைத்துக் கேட்க வேண்டும். அந்தக் கடமையைச் செய்யாமல் பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் 7ஆம் வசனத்தைப் படிப்பது பவுலின் நோக்கமல்ல என்பது என் உறுதியான கருத்து. அப்படி விசாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்க மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போவது பாவமா என்பதில் நல்ல விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பாவம் என்று நான் கருதவில்லை. பவுலே தனக்கு அநியாயம் நேரும் என்று கண்டபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனிடம், அபயமிட்டார் (அப்போஸ்தலர் 25:11). பத்திரத்தின் சட்ட நிலையைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, அது என் துறை இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளுக்குக் கால வரம்பு உண்டு என்பதால், சபையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பத்திர நகலோடும் அப்பாவின் கண் மருத்துவச் சீட்டுகளோடும் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.